பட்டா நிலத்தில் காட்டுயிர் வாழிடம்: சேர்வராயன் மலைக்கும் அடிவாரத்துக்கும் ஒரு தொடக்க விளக்கம்

சேர்வராயன் மலைமேல் திரியும் காட்டெருமைக் கூட்டம் ஒன்று ஒரே இரவில் பலருடைய நிலங்களைக் கடந்துவிடும். காப்புக்காட்டின் ஓரத்தில் மேயத் தொடங்கி, ஒருவருடைய காப்பித் தோட்டத்துக்குள் இறங்கி, அடுத்தவருடைய ஓடையில் நீர் குடித்து, விடியும்போது மூன்றாமவருடைய மிளகுக்கொடிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருக்கும். பட்டா எல்லை அதற்கு ஒரு பொருட்டில்லை. காட்டுயிர்களைக் காப்பது வனத்துறையின் வேலை என்று நிலக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டால், அந்தக் கூட்டம் நடக்கும் வழியில் பெரும்பகுதி யாருடைய கவனத்திலும் இல்லாமல் போய்விடும்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காப்பிப் பயிரை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்தார். அன்று தொடங்கிய தோட்டங்களும், மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர் நிலங்களும், பின்னால் வந்த வீட்டுமனைகளும் விடுதிகளும் சேர்ந்து மலையின் மேல்பரப்பில் ஏராளமான இடத்தைப் பிடித்திருக்கின்றன. கீழேயும் இதே நிலைமைதான். சேலம் நகரைச் சுற்றி நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை என்று குன்றுகள் நிற்கின்றன. ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்கு ஒரு நரியோ கீரியோ போக வேண்டுமானால், நடுவில் உள்ள மேட்டுக்காடுகளையும் (மானாவாரி மேட்டு நிலங்களையும்) மாந்தோப்புகளையும் மரவள்ளிக் கொல்லைகளையும் தாண்டியாக வேண்டும். அவை எல்லாம் யாரோ ஒருவருடைய பட்டா நிலம். அந்த யாரோ ஒருவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

வாழிடம் என்றால் என்ன

ஓர் உயிரினம் தன் வாழ்நாளை ஓட்டத் தேவையானவை எல்லாம் எட்டும் தொலைவில் கிடைக்கும் இடமே அதன் வாழிடம். உணவு வேண்டும், நீர் வேண்டும், வெயிலிலிருந்தும் எதிரியிடமிருந்தும் ஒளிந்துகொள்ள மறைவு வேண்டும், குஞ்சு பொரிக்கவோ குட்டி ஈனவோ தொந்தரவில்லாத மூலை வேண்டும், இவற்றுக்கிடையே போய்வர வழி வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவை இருந்து பயனில்லை. நூறு மரம் நட்டுவிட்டால் வாழிடம் உருவாகிவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நூறும் ஒரே சாதி மரமாக இருந்து, அடியில் புல் பூண்டு இல்லாமல் செதுக்கி வைத்திருந்தால், அங்கே காகமும் மைனாவும் வந்து உட்காரும். வேறு அதிகம் எதிர்பார்க்க முடியாது.

‘எட்டும் தொலைவில்’ என்பதைப் போலவே ‘ஆண்டு முழுவதும்’ என்பதும் முக்கியம். காப்பித் தோட்டக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். மார்ச், ஏப்ரலில் கோடை மழை விழுந்த சில நாட்களில் காப்பிச் செடி முழுவதும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். மலைத்தேனீயும் அடுக்குத்தேனீயும் அதை மொய்க்கும். அராபிகா காப்பி தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடியது என்றாலும், தேனீ வந்து போனால் காய் பிடிப்பு கூடும். ஆனால் அந்தப் பூப்பு ஒரு வாரம்கூட நீடிப்பதில்லை. மீதி ஆண்டெல்லாம் அந்தத் தேனீக்கள் எதைத் தின்று உயிர் வாழும்? பிப்ரவரியில் இலையுதிர்த்த இலவமும் கல்யாண முருங்கையும் புரசும் சிவந்து பூக்க வேண்டும். வெயில் காலத்தில் வேம்பும் புங்கனும் வெட்பாலையும் பூக்க வேண்டும். ஐப்பசி மழைக்குப் பின் வேலியோரக் கொடிகளும் தரைப்பூண்டுகளும் பூக்க வேண்டும். இந்தத் தொடரில் இரண்டு மாதம் அறுந்துபோனால் தேனீக் கூட்டம் வேறிடம் தேடிப் போய்விடும். அடுத்த மார்ச்சில் காப்பி பூக்கும்போது வர ஆளிருக்காது.

பழத்தில் இதே வேலையைச் செய்பவை அத்தி இனங்கள். அத்தி, ஆல், அரசு, இச்சி எல்லாம் ஒரே குடும்பம். ஒவ்வோர் அத்தி இனத்தின் பூவிலும் மகரந்தம் சேர்ப்பது அதற்கென்றே உள்ள மிகச் சிறிய குளவி. அந்தக் குளவி சில நாட்களே வாழும். அது வெளியே வரும் நேரத்தில் பக்கத்தில் எங்கோ இன்னொரு மரம் அதை வரவேற்கத் தயாராக இருக்க வேண்டும். அதனால்தான் ஒரு வட்டாரத்து அத்தி மரங்கள் எல்லாம் ஒரே மாதத்தில் காய்க்காமல், ஒன்று மாற்றி ஒன்றாக ஆண்டு முழுவதும் பழுக்கின்றன. நாவலும் பலாவும் ஓய்ந்த மாதங்களில் குக்குறுவான், சின்னான், பச்சைப்புறா, பழந்தின்னி வௌவால், மரநாய் எல்லாம் பசியாறுவது இந்தப் பழங்களில்தான். ஒரு தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், நான் அத்தி என்றுதான் சொல்வேன். ஆலுக்கும் அரசுக்கும் போத்து (வெட்டிய கிளைத்துண்டு) நட்டாலே போதும்.

மலைமேல்: காப்பித் தோட்டம்

நிழலில் வளரும் காப்பித் தோட்டம், பயிர் நிலங்களில் காட்டுக்கு மிக நெருக்கமானது. மேலே உயர்ந்த மரங்கள், நடுவில் சிறு மரங்களும் மிளகுக்கொடியும், கீழே காப்பி, தரையில் இலைச் சருகு என்று அடுக்கடுக்காக இருக்கும். எந்த மரத்தை நிழலுக்கு வைக்கிறோம் என்பதில்தான் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடுகிறது.

இன்று மலையெங்கும் கண்ணில் படுவது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக். அதை நடுபவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வேகமாக வளர்கிறது, நேராக உயர்கிறது, மிளகு ஏற்ற வசதியாக இருக்கிறது, அவசரத்துக்கு விற்றால் காசாகிறது. பூக்கும் பருவத்தில் தேன்சிட்டுகள்கூட அதில் தேன் குடிக்கும். ஆனால் பழம் கிடையாது. நம் ஊர்ப் பூச்சிகள் தின்று வளரும் இலையும் அதில் அரிது. பூச்சி குறைந்தால் பூச்சி தின்னும் பறவை குறையும். ஆகவே இருக்கும் சில்வர் ஓக்கை வெட்டித் தள்ள வேண்டியதில்லை. பட்டுப்போகும் இடத்திலும் வெட்டி விற்ற இடத்திலும் மறுபடி அதையே வைக்காமல் அத்தி, நாவல், பலா, செண்பகம், வேங்கை, சந்தன வேம்பு, கடுக்காய், தான்றி என்று கலந்து வைத்துக்கொண்டே வந்தால் போதும். கல்யாண முருங்கையைப் போத்து வைத்தே வளர்த்துவிடலாம். மண்ணுக்குத் தழைச்சத்தும் தரும். முடிச்சுக் குளவி அதைத் தாக்குவதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். தானாக முளைத்த நாட்டு மரக்கன்றுகள் இருந்தால் அவற்றுக்கு ஒரு குச்சி ஊன்றி அடையாளம் வைத்து, களையெடுப்பவர்களிடம் சொல்லி விடுங்கள். அந்த மண்ணில் பிழைக்கக்கூடியது எது என்று அந்தக் கன்றே காட்டிவிட்டது. நர்சரியில் வாங்கி நடுவதைவிட அது உறுதியானது.

நிழல் குறைந்தால் காட்டுயிர்க்கு மட்டும் நட்டமில்லை. அராபிகாவின் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அந்த வண்டு வெயில் நேராகப் படும் தண்டின் பட்டை இடுக்குகளைத் தேடித்தான் முட்டையிடும். புழு தண்டுக்குள் குடைந்துவிட்டால் செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. நல்ல நிழல் உள்ள தோட்டத்தில் அதன் தாக்குதல் குறைவு என்பது காப்பிக்காரர்களுக்குத் தெரிந்த செய்திதான். மரங்கொத்திகளும் பிற பூச்சியுண்ணிகளும் புழுக்களைத் தேடித் தின்கின்றன. காப்பிக் காயைத் துளைக்கும் வண்டைப் பறவைகள் தின்று குறைப்பதை ஜமைக்காவிலும் கோஸ்டாரிகாவிலும் ஆராய்ந்து உறுதி செய்திருக்கிறார்கள்.

காய்ந்த மரம் ஒன்று தோட்டத்தில் நின்றால் விறகுக்கு வெட்டிவிடுவது வழக்கம். பாதையோரத்திலோ தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்கு மேலோ நின்றால் வெட்டத்தான் வேண்டும். விழுந்தால் உயிருக்கு ஆபத்து. உள்ளே, யார்மேலும் விழாத இடத்தில் நின்றால் விட்டுவிடுங்கள். மரங்கொத்தியும் குக்குறுவானும் அதில் பொந்து குடையும். அவை விட்டுப்போன பொந்தில் மைனா, கிளி, புள்ளி ஆந்தை குடியேறும். இவற்றால் தாமாகப் பொந்து குடைய முடியாது. மரத்தை வெட்டினால் பல ஆண்டுகளுக்கு ஆந்தைக்கு வீடு கிடைக்காது. அந்த ஆந்தை தின்றிருக்கக்கூடிய எலிகள் உங்கள் தோட்டத்திலேயே பெருகும்.

இலைச் சருகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வடக்கிலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவி, பச்சையும் நீலமும் செம்பழுப்புமாக இருக்கும் அழகான பறவை. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் அந்தப் பெயர். அது மரத்தில் இரை தேடுவதில்லை; தரையில் தத்தித் தத்தி, சருகைப் புரட்டி, அடியில் உள்ள மண்புழுவையும் பூச்சியையும் பிடிக்கிறது. களைக்கொல்லி அடித்துச் சருகைக் கூட்டித் தீ வைத்த தோட்டத்தில் அதற்கு ஒன்றும் இல்லை. சருகு மண்ணின் ஈரத்தைக் காத்து, மட்கி உரமாகி, மழையில் மண் அரிப்பதையும் தடுக்கிறது. அதைக் கொளுத்தும் வழக்கத்தை நிறுத்த யாரையாவது என்னால் இணங்க வைக்க முடியுமானால், இந்தக் கட்டுரையில் வேறு எதையும் அவர்கள் பின்பற்றாவிட்டாலும் வருந்த மாட்டேன்.

அடிவாரம்: வேலி, ஓடை, கிணறு

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரம் 300 மீட்டருக்கும் கீழே. இந்த இறக்கத்தில் மழையும் குளிரும் மரங்களும் மாறிவிடுகின்றன. மேலே செண்பகம் நடச் சொன்னதை அடிவாரத்தில் செய்தால் பிழைக்காது. இங்கே உசிலையும் வெள்வேலும் ஆச்சாவும் வேம்பும் இலந்தையும்தான் மண்ணுக்கு உரியவை.

அடிவாரத்து நிலக்காரர் முதலில் பார்க்க வேண்டியது தன் வேலியை. கிளுவைப் போத்தை நெருக்கி நட்டு, இடையில் கள்ளியும் இசங்கும் சூரையும் காரையும் களாவும் தானாக முளைத்து, மேலே பிரண்டையும் தூதுவளையும் கோவையும் படர்ந்து நிற்கும் பழைய உயிர்வேலி, கொங்குப் பக்கத்தின் பெரிய சொத்து. அதற்குள் கவுதாரி முட்டையிடுகிறது, கீரி குட்டி போடுகிறது, ஓணானும் அரணையும் சாரைப்பாம்பும் வாழ்கின்றன. களா, சூரை, இலந்தைப் பழங்களைப் பறவைகளும் நரியும் தின்கின்றன. எல்லாவற்றையும்விட, வேலி நீளமாகப் போகிறது. ஒருவர் வேலியும் அடுத்தவர் வேலியும் சேர்ந்து, மலையடியிலிருந்து ஏரிக்கரை வரை மறைவான பாதை ஒன்று தானாகவே அமைந்துவிடுகிறது. ஒரு குறுங்காடு தனியாகச் செய்ய முடியாத வேலையை இந்தக் குறுகிய முள்வேலி செய்கிறது.

இப்போது இந்த வேலிகளைப் பொக்லைன் வைத்துப் பிடுங்கிவிட்டுக் கல் ஊன்றி முள்கம்பி இழுக்கிறார்கள். இரண்டடி நிலம் கூடுகிறது என்பதும் எல்லைத் தகராறு வராது என்பதும் காரணங்கள். கம்பி வேலி அவசியம் என்று தோன்றினால், எல்லைக்கல் நட்டுக் கம்பியை இழுத்துக்கொண்டு, அதன் உள்பக்கத்தில் பழைய வேலியை அப்படியே நிற்க விடலாம். புதிதாக வைக்க வேண்டியவர்கள் ஆடிப் பட்டத்துக்கு முன்பே கிளுவைப் போத்து ஊன்றிவிட்டால், இடைவெளியில் மற்றவற்றைப் பறவைகளே விதைத்துவிடும். மலைமேல் மனை வாங்கியவர்கள் ஆளுயர மதில் கட்டும்போது, எங்காவது இரண்டு மூன்று இடங்களில் அடியில் திறப்பு விட்டால் முயலும் முள்ளம்பன்றியும் ஊர்வனவும் கடக்க வழி கிடைக்கும்.

அடுத்தது ஓடை. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் சிற்றோடைகள் பலவும் ஆண்டில் சில மாதங்களே ஓடுகின்றன. ஆனாலும் கோடையில் அவற்றின் மணலுக்கடியிலும் கல் பள்ளங்களிலும் தங்கும் ஈரத்தை நம்பித்தான் சுற்றுவட்டாரத்து உயிர்கள் இருக்கின்றன. ஓடையின் இரு கரையிலும் சில மீட்டர் அகலத்துக்கு உழாமல், மருந்து அடிக்காமல், மரங்களை வெட்டாமல் விட்டால் கரை அரிக்காது. உங்கள் கிணற்றில் ஊறும் நீருக்கும் அது நல்லது. நீர்மருதும் புங்கனும் நாவலும் அங்கே தாமாகவே வரும்.

பண்ணைக்குட்டை வெட்டுபவர்கள் ஒரு பக்கத்தையாவது சரிவாக, ஒரு கன்றுக்குட்டி இறங்கி ஏறும்படி அமைக்க வேண்டும். நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டி, பிளாஸ்டிக் விரிப்பு போட்ட குட்டைகள் உயிர்களைப் பலிவாங்குகின்றன. தாகத்துக்கு இறங்கும் விலங்கு வழுக்கி விழுந்தால் ஏற முடியாது. விரிப்பு போடத்தான் வேண்டும் என்றால், ஒரு மூலையில் கயிற்று வலையோ சாக்குப்படிகளோ கட்டித் தொங்கவிடுங்கள். குட்டையின் ஓரத்தில் கோரையும் நீர்ச்செடிகளும் இருந்தால் தும்பிகள் முட்டையிடும். நீருக்குள் வளரும் தும்பிக் குஞ்சுகள் கொசுப் புழுக்களைத் தின்னும்.

கிணறு இன்னும் அவசரமான விஷயம். தரைமட்டத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாமல் வாய் திறந்து கிடக்கும் கிணறுகள் நம் பக்கத்தில் ஏராளம். இரவில் நீர் தேடிவரும் காட்டெருமையும் மானும் மட்டுமா, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் அதில் விழலாம். இடுப்புக்கு மேல் உயரச் சுவர் கட்டுவது காட்டுயிர்க்காக ஒரு விவசாயி செய்யக்கூடிய உடனடி நன்மை. பாழுங்கிணறாக இருந்தால் கம்பிவலை போட்டு மூடலாம். பெரிய விலங்கு விழுந்துவிட்டால் ஊர்க்கூட்டம் சேர்ந்து இழுக்க முயலாமல் உடனே வனத்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் சொல்ல வேண்டும்.

மரம் நட வேண்டாத நிலம்

மேட்டுக்காடு ஒன்று புல் முளைத்துச் சும்மா கிடந்தால், பார்ப்பவர்கள் எல்லாரும் மரம் நடச் சொல்வார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஆள்காட்டி, வானம்பாடி, காடை, கவுதாரி, முயல் இவற்றுக்குத் திறந்த புல்வெளிதான் வீடு. ஆள்காட்டி கூடே கட்டாமல் சரளைக்கல் நடுவே தரையில் முட்டையிடுகிறது. சுற்றிலும் தொலைவுவரை பார்க்க முடிந்தால்தான் அது எதிரியை அறிந்து குரல் கொடுக்க முடியும். அந்த இடத்தில் மரம் அடர்ந்தால் அது போய்விடும்.

கரூர், காங்கேயம் பகுதிகளில் விவசாயிகள் தலைமுறைகளாக வைத்திருக்கும் கொரங்காடு இதற்கு நல்ல முன்மாதிரி. கொழுக்கட்டைப்புல் தரை, அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல் மரம், சுற்றிலும் கிளுவை வேலி. மேய்ச்சலை மாற்றி மாற்றி விடுவதால் புல் அழியாமல் இருக்கிறது. காங்கேயம் மாடுகள் வளர்ந்தது அந்தப் புல்லில்தான். சேலத்து மானாவாரி நிலத்திலும் ஒரு பகுதியை இப்படி வைத்துக்கொள்ளலாம். புல்லை அறுப்பதாக இருந்தால் குஞ்சுகள் ஓடத் தொடங்கிய பிறகு அறுப்பதும், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அறுத்து வருவதும் நல்லது. உள்ளே இருக்கும் உயிர்கள் வெளியே ஓடித் தப்பும்.

எதை எடுப்பது

நடுவதைவிட எடுப்பது கடினம். மலைச்சரிவெங்கும் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. கீழே சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும். உண்ணிச்செடி அடர்ந்த இடத்தில் புல் வளராது, மரக்கன்று முளைக்காது, காட்டெருமைக்கும் மானுக்கும் மேய்ச்சல் கிடைக்காது. அதனால்தான் அவை தோட்டத்துக்குள் வருவதும் கூடுகிறது.

வெட்டிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். வெட்டிய தூரிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். மழைக்கு முன், காய் பழுக்கும் முன், தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியை மண்ணுக்குச் சில விரற்கடை கீழே கொத்தி அறுத்து, தூரைத் தலைகீழாகப் போட்டுக் காயவிட வேண்டும். ஒரே ஆண்டில் முழுச் சரிவையும் மொட்டையடிக்காதீர்கள். மண் கரையும், அதற்குள் ஒளிந்திருந்த சிறு பறவைகள் இடமின்றித் தவிக்கும். துண்டு துண்டாக எடுத்து, எடுத்த இடத்தில் உடனே நாட்டுப் புல்லும் புதர்களும் வர விட்டு, பிறகு அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். இரண்டு மூன்று மழைக்காலங்களுக்கு மறுபடி முளைப்பதைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய மரங்களின் அடியை அடிக்கடி பாருங்கள்: பழம் தின்ற பறவைகள் கிளையில் உட்கார்ந்து எச்சமிடுவதால் உண்ணிச்செடி அங்கேதான் முதலில் தலைகாட்டும்.

சேதமும் ஆபத்தும்

காட்டுயிர் வந்தால் பயிர் போகுமே, பாம்பு வருமே என்று கேட்பவர்களுடைய கவலை நியாயமானது. காட்டெருமை காப்பிச் செடிகளை முறித்துவிடுகிறது. காட்டுப்பன்றி ஒரே இரவில் மரவள்ளிக் கொல்லையைக் கிளறிப்போடுகிறது. தோட்டத்துக்குள் நடந்துபோகும் தொழிலாளி, புதருக்குப் பின்னால் நிற்கும் காட்டெருமையை எதிர்பாராமல் சந்தித்தால் உயிருக்கே ஆபத்து. இந்த ஆபத்தைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் நில உரிமையாளர்கள் அல்லர்; காப்பிப் பழம் பறிக்க வரும் பெண்களும் இரவுக் காவலர்களும்தான். ஆகவே நிலம் முழுவதையும் ஒரே மாதிரி வைக்கக் கூடாது. வீடு, லயன், களம், பிள்ளைகள் நடக்கும் பாதை இவற்றைச் சுற்றிப் புதரில்லாமல், கண்ணுக்குத் தொலைவு தெரியும்படி சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். விறகையும் செங்கல்லையும் வீட்டுச் சுவரோடு அடுக்காதீர்கள். வளர விடும் பகுதிகள் ஓடைக்கரையிலும் எல்லையிலும் சரிவிலும் இருக்கட்டும். வேலை நேரத்தையும் மாற்றியமையுங்கள்: விடிகாலையிலும் இருட்டும் நேரத்திலும் புதர்ப் பக்கம் ஆட்களை அனுப்ப வேண்டாம்.

தீவனம் வைத்து விலங்குகளை வரவழைக்கவே கூடாது. மலைப்பாதையில் சுற்றுலாப் பயணிகள் குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுத்துப் பழக்கியதன் விளைவைப் பாதையோரத்துக் கடைக்காரர்கள் தினமும் அனுபவிக்கிறார்கள். விடுதி நடத்துபவர்கள் குப்பையை மூடி வைப்பதும், இரவெல்லாம் எரியும் விளக்குகளைக் குறைப்பதும், காவல் நாய்களை அவிழ்த்துவிடாமல் இருப்பதும் ஆயிரம் கன்று நடுவதற்கு ஈடானவை. எலிக்கு விஷம் வைப்பதையும் தவிருங்கள். விஷம் தின்று தள்ளாடும் எலியைப் பிடிக்கும் கூகையும் சாரைப்பாம்பும் சேர்ந்து சாகும். வயலில் பறவை தாங்கிகளை ஊன்றி வைத்தால் இரவில் கூகை வந்து உட்கார்ந்து எலி பிடிக்கும்.

வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவது குற்றம்; யானை முதல் மனிதர் வரை எத்தனையோ உயிர்கள் இதில் போயிருக்கின்றன. சூரிய மின்வேலி அமைப்பதற்கும் 2023இல் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்திருக்கிறது. காட்டையொட்டிய நிலமானால் அமைப்பதற்கு முன் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்கவும் அதே அலுவலகம்தான். சேதத்தைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு தாமதிக்காமல் போக வேண்டும்.

நிலம் கைவிட்டுப் போகுமா

பறவை வந்து கூடு கட்டினால் வனத்துறை நிலத்தை எடுத்துக்கொள்ளும் என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. காட்டுயிர் வந்து தங்கியது என்பதாலேயே பட்டா கைமாறாது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த உயிர்களைப் பிடிப்பதும் கொல்வதும், பறவைகளின் கூட்டையும் முட்டையையும் அழிப்பதும் குற்றம். அது உங்கள் நிலத்துக்கும் பொருந்தும். அதே சட்டத்தில் 2002இல் சேர்த்த ‘சமுதாயக் காப்பகம்’ என்ற ஏற்பாடு, தனிநபரோ ஊரோ தாமாக முன்வந்து தங்கள் நிலத்தைக் காட்டுயிர்க்காக அறிவிக்கச் செய்ய வழிவிடுகிறது. கர்நாடகத்தின் கொக்கரே பெள்ளூர் அப்படிப்பட்ட ஊர். அங்கே மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊருக்குள் வீட்டுப் புளிய மரங்களில் கூடு கட்டுகின்றன. மரக்காரர்களுக்கு வனத்துறை ஈட்டுத்தொகை தருகிறது. ஒருமுறை அறிவித்துவிட்டால் நிலப் பயன்பாட்டை நினைத்தபடி மாற்ற முடியாது என்பதால் குடும்பத்தோடு யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

மரம் வெட்டும் சட்டத்தைத் தெரிந்துகொள்வது இன்னும் அவசியம். ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளில் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கித்தான் மரம் வெட்ட வேண்டும். உங்கள் நிலம் 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் சட்டத்தின் கீழ் வருகிறதா என்றும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டறியுங்கள். வந்தால் விற்பதற்கும் அனுமதி தேவைப்படும். பின்னால் வெட்ட விடமாட்டார்கள் என்று அஞ்சியே நாட்டு மரம் நடாதவர்கள் இருக்கிறார்கள். வருமானத்துக்கான மரங்களை ஒரு பக்கமாகவும், என்றும் வெட்டாத மரங்களை ஓடைக்கரையிலும் எல்லையிலுமாகப் பிரித்து நட்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் வராது.

குடகில் அனில் மல்ஹோத்ரா, பமேலா மல்ஹோத்ரா தம்பதியர் 1991 முதல் கைவிடப்பட்ட விவசாய நிலங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, சுமார் 300 ஏக்கரைக் காடாக மீள விட்டார்கள். அது எல்லாராலும் முடியாது. வேடந்தாங்கலைச் சுற்றியுள்ள விவசாயிகள் செய்ததோ எளியது: ஏரியில் தங்கும் பறவைகளைத் தலைமுறைகளாகத் தொந்தரவு செய்யாமல் காத்தார்கள், எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமானது.

ஐந்து சென்ட் மனை மட்டும் இருப்பவர்களாலும் வண்ணத்துப்பூச்சிகளுக்கு இடம் தர முடியும். அவற்றுக்குத் தேன் தரும் பூவைவிடப் புழு தின்னும் இலைதான் முக்கியம். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் எலுமிச்சை அழகி முட்டையிடும். எருக்கில் வெந்தய வரியன், ஆடுதின்னாப்பாளையில் ரோஜா அழகி. புழு தின்ற இலையைப் பார்த்ததும் மருந்து தெளிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

எதையும் நடும் முன், வெட்டும் முன், நிலத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று எழுதி வைப்பதிலிருந்து தொடங்குங்கள். பெரிய மரங்கள், பொந்துகள், புற்றுகள், நீர் தங்கும் பள்ளங்கள், விலங்குகள் வழக்கமாக நடக்கும் தடங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்துகொண்டால் போதும். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஜனவரி நடுவில் தமிழகம் முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணி ஈபேர்ட் தளத்தில் பதிந்தால் நீங்களும் அதில் சேர்ந்துவிடலாம். அப்போது வலசைப் பறவைகளும் இருக்கும். மே மாதத்தில், உள்ளூர்ப் பறவைகள் கூடு கட்டும் நேரத்தில், அதே இடத்தில் இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். இரண்டு பட்டியலையும் அந்த வரைபடத்தோடு அருகருகே வைத்தால், அடுத்த மழைக்கு முன் எங்கே எதை நடுவது, எதன்மேல் கத்தி வைக்காமல் விடுவது என்று உங்களாலேயே முடிவு செய்ய முடியும்.